உள்ளத்தில் எழுந்த பள்ளி

(வெள்ளி விழாவில் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகம் ஒன்று வெள்ளி விழாக் காணும்போது கணக்கு வாசிப்பது மரபு. எத்தனை பிள்ளைகள் படித்தனர், எத்தனை பேர் வேலைக்குச் சென்றனர், நிதி எவ்வளவு திரண்டது என்பனவெல்லாம் இம்மலரில் இடம்பெறும், இடம்பெறவும் வேண்டும். ஆயினும் எந்தப் பேரேட்டிலும் ஏறாத ஒரு வரவு உண்டு. கட்டடமும் கையிருப்பும் இல்லாத முதல் நாளில், நம் பிள்ளைகள் புத்தகத்தை மார்போடு அணைத்து நிமிர்ந்து நடக்கும் காட்சியைச் சிலர் தம் உள்ளத்தில் கண்டார்களே, அதுவே அந்த வரவு. கண்ணால் காண்பதற்கு முன்பே உள்ளத்தால் கண்டதை அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். ஒருவர் தம் வாழ்வுக்கென ஓர் இலட்சியத்தை நம்பிக்கையின் துணையோடு எவ்வாறு இறுதிவரை பற்றிக்கொள்வது என்பதே நம் பொருள்.

நம்பிக்கையும் தலையெழுத்தும்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் சேரிகளில் தலைமுறை தலைமுறையாக நம் காதில் ஓதப்பட்ட சொல் 'தலையெழுத்து' என்பது. பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லையா? தலையெழுத்து. கூலி பாதியாகக் கொடுத்தார்களா? தலையெழுத்து. கிணற்றில் நீர் மொள்ள விடவில்லையா? அதுவும் தலையெழுத்து. சமயத்தின் பெயரால் நமக்கு வழங்கப்பட்டவற்றுள் மிகக் கொடிய பொருள் இந்த ஒரு சொல்லே. ஆகையால் 'நம்பிக்கை' என்று யாரேனும் பேசத் தொடங்கினால் நம் இளைஞர்கள் ஐயத்தோடு பார்க்கிறார்கள். அந்த ஐயம் நியாயமானது.

ஆனால், தலையெழுத்து வேறு; நம்பிக்கை வேறு. தலையெழுத்து, இருப்பதை ஏற்றுக்கொள் என்கிறது. நம்பிக்கையோ, இன்னும் இல்லாததைக் கண்டு அதற்காக உழைக்கச் சொல்கிறது. ஒன்று கையைக் கட்டுகிறது. மற்றொன்று கையில் மண்வெட்டியைக் கொடுக்கிறது. இந்த வேறுபாட்டை நூல் வழியாக விளக்குவதைவிட, ஒரு வாழ்வின் வழியாக விளக்குவது எளிது. அந்த வாழ்வு அமெரிக்க நாட்டைச் சேர்ந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் விடுதலைக்கும் நம் விடுதலைக்கும் உள்ள உறவு புதியதன்று. மகாத்மா ஜோதிராவ் புலே தம் 'குலாம்கிரி' என்னும் நூலை 1873ஆம் ஆண்டிலேயே, அங்கே அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஆகவே அந்நாட்டுத் தாய் ஒருவரின் வரலாறு நமக்கு அயலார் வரலாறு ஆகாது.

பிடுங்கப்பட்ட புத்தகம்

மேரி மெக்லியோட் பெத்யூன் அம்மையார் 1875ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள், தென் கரோலினா மாநிலத்து மேஸ்வில் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். பெற்றோர் இருவரும் அடிமைகளாயிருந்தவர்கள். பதினேழு பிள்ளைகளில் இவர் பதினைந்தாமவர். 1865இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. வறுமையும் இழிவும் ஒழியவில்லை. குடும்பம் முழுவதும் பருத்திக் காட்டில் உழைத்தது. தாயார் பழைய எசமானர் வீட்டுக்குத் துணி வெளுத்துக் கொடுத்தார்.

ஒருநாள் தாயோடு அவ்வீட்டுக்குச் சென்ற சிறுமி மேரி, அங்கே விளையாட்டுக் குடிலில் கிடந்த புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தாள். உடனே அவ்வீட்டுச் சிறுமி, 'கீழே வை; உனக்குப் படிக்கத் தெரியாது' என்று தடுத்தாள். இத்தகைய சொல்லைக் கேட்காதவர் இந்த அரங்கில் எத்தனை பேர்? அச்சொல்லைக் கேட்டு அழுது மறந்துவிடலாம், வெறுப்பை வளர்த்துக்கொள்ளலாம். மேரியோ, தனக்கும் அந்த வீட்டாருக்கும் இடையே உள்ள வேறுபாடு படிப்பு ஒன்றே என்று கண்டுகொண்டாள். அந்த நாளிலேயே அவளுடைய இலட்சியம் பிறந்துவிட்டது.

பின்னர், கறுப்பினப் பெண்மணியாகிய எம்மா வில்சன் என்பார் நடத்திய கிறித்தவ மிஷன் பள்ளி அவ்வூருக்கு வந்தது. நாள்தோறும் போக ஐந்து மைல், வர ஐந்து மைல் நடந்து மேரி படித்தாள். அங்கே ஆசிரியை விவிலியத்திலிருந்து ஒரு பகுதியைப் படித்துக் காட்டினார். அதில் 'எவரும்' என்ற பொருள் தரும் ஒரு சொல் வந்தது. வெள்ளையர் மட்டும் என்று அதில் இல்லை; செல்வர் மட்டும் என்றும் இல்லை. கறுப்பினக் குழந்தையாகிய தானும் அந்த 'எவரும்' என்பதனுள் அடக்கம் என்று உணர்ந்த நாளை அவர் முதுமைவரை மறக்கவில்லை. அடிமைகளைப் பணிய வைக்க எசமானர்கள் பயன்படுத்திய அதே சமயத்திலிருந்து, நிமிர வைக்கும் ஒரு சொல்லை அவர் எடுத்துக்கொண்டார்.

கற்றதை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. மாலையில் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தார். பருத்தி எடையில் அயலார் ஏமாற்றப்படாமல் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். எழுத்தறியாத உழைப்பாளியின் கூலிக் கணக்கை நாள்தோறும் பார்த்துச் சொல்லும் நம் வீட்டுப் பிள்ளைகளை இங்கே நினைத்துப் பாருங்கள். கல்வி முதலில் செய்யும் தொண்டு அதுவே.

மேற்படிப்புக்கு வழியில்லாதிருந்தபோது, தொலைவிலுள்ள டென்வர் நகரத்தில் தையல் வேலை செய்து வாழ்ந்த மேரி கிறிஸ்மன் என்னும் பெண்மணி, தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தை, தாம் கண்டிராத ஒரு கறுப்பினச் சிறுமியின் படிப்புக்கு அனுப்பினார். அதன் பயனாக 1888இல் வட கரோலினாவின் ஸ்காட்டியா கல்விக்கூடத்தில் சேர்ந்து, 1894இல் படிப்பை முடித்தார். பெருஞ்செல்வர் மட்டுமே அறம் செய்ய முடியும் என்று எண்ணுகிறவர்களுக்கு அந்தத் தையற்காரப் பெண்மணியே விடை.

அடைக்கப்பட்ட கதவு

ஆப்பிரிக்கா சென்று தம் முன்னோர் மண்ணில் இறைத்தொண்டும் கல்வித்தொண்டும் ஆற்றவேண்டும் என்பதே மேரியின் கனவு. அதற்கெனச் சிகாகோ நகரில் மூடி விவிலியப் பள்ளியில் ஓராண்டு பயின்றார். பயிற்சி முடித்துத் தம் சபையின் மிஷன் குழுவிடம் விண்ணப்பித்தார். ஆப்பிரிக்காவில் கறுப்பின ஊழியருக்கு இடமில்லை என்று விடை வந்தது. ஆப்பிரிக்க மக்களிடம் செல்ல ஆப்பிரிக்க வழித்தோன்றலுக்கு இடமில்லையாம்! தம் வாழ்வின் மிகப்பெரிய ஏமாற்றம் அதுவே என்று அவர் பின்னாளில் கூறினார்.

இளைஞர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம். ஏனெனில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீழ்வது இந்த இடத்தில்தான். முதல் தேர்வில் தோல்வி, முதல் விண்ணப்பம் திரும்பி வருதல், நேர்காணலில் ஊர்ப் பெயரைக் கேட்டவுடன் அதிகாரியின் முகம் மாறுதல் இவற்றோடு எத்தனையோ கனவுகள் மடிந்திருக்கின்றன. மடிந்தபின், 'ஆண்டவன் சித்தம்' என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொல்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். அந்தக் கதவை அடைத்தவர்கள் மனிதர்கள். மனிதர் செய்த அநீதியை இறைவன் மேல் சுமத்துவது நம்பிக்கை ஆகாது. அது அநீதிக்குக் கொடுக்கும் மன்னிப்புச் சீட்டு.

மேரி என்ன செய்தார்? அநீதியை அநீதி என்றே உணர்ந்தார். ஆனால் அதன் முன் தம் இலட்சியத்தைக் கிடத்திவிட்டு அகலவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் லூசி லேனி என்னும் கறுப்பினப் பெருமாட்டி நடத்திய பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார். அங்கே கிழிந்த உடையோடு வந்த குழந்தைகளைக் கண்டபோது, தாம் தேடிய ஆப்பிரிக்கா கடலுக்கு அப்பால் மட்டும் இல்லை, தம் காலடியிலும் இருக்கிறது என்று தெளிந்தார். போகவேண்டிய ஊர் மாறியது. செய்யவேண்டிய பணி மாறவில்லை. இலட்சியத்துக்கு உடலும் உண்டு, உயிரும் உண்டு. உடல் மாறலாம், உயிர் மாறக்கூடாது. மருத்துவராக விரும்பியவர் செவிலியராகலாம். மாவட்ட ஆட்சியராக விரும்பியவர் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியராகலாம். நோயாளிக்கும் ஏழைக்கும் பணி செய்யவேண்டும் என்ற உயிர் அதிலே இருக்குமானால் அந்தக் கனவு தோற்றதாகாது.

ஒன்றரை டாலர்

1904ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்து டேடோனாவுக்கு அவர் வந்தார். இருப்புப்பாதை வேலைக்காகக் கறுப்பினத் தொழிலாளர்கள் அங்கே திரண்டிருந்தனர். அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்வி இல்லை. அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள், ஐந்து சிறுமிகளையும் தம் மகனையும் வைத்துப் பள்ளி தொடங்கினார். கையில் இருந்த முதல் ஒன்றரை டாலர். வீட்டு வாடகையோ திங்களுக்கு 11 டாலர். பழைய பெட்டிகள் மேசைகளாயின. கரிந்த குச்சிகள் எழுதுகோல்களாயின. காட்டுப் பழத்தின் சாறு மையாயிற்று.

பள்ளிக்கென நிலம் வேண்டியிருந்தது. ஊரார் குப்பை கொட்டும் சதுப்பு நிலம் ஒன்றை விலை பேசினார். முன்பணம் 5 டாலர். அந்த ஐந்து டாலரும் அப்போது அவரிடம் இல்லை என்பது நிலத்தின் உரிமையாளருக்குத் தெரியாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கை வைத்துச் சுட்ட இனிப்பு அப்பமும் பனிக்கூழும் தொழிலாளர்களுக்கு விற்று, சில்லறைக் காசுகளாகச் சேர்த்து, கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோய்க் கொடுத்தார். 1907இல் அந்தக் குப்பைமேட்டில் எழுந்த கட்டடத்துக்கு 'நம்பிக்கை மண்டபம்' என்றே பெயரிட்டார். கற்பதற்கு நுழைக என்று வாயிலின் வெளிப்புறத்திலும், தொண்டு செய்யப் புறப்படுக என்று உட்புறத்திலும் பொறிக்கச் செய்தார். 1941இல் தம் கதையை எழுதியபோது, குப்பைமேட்டைப் பெயர்த்த நம்பிக்கை என்று பொருள்படும் தலைப்பையே அதற்கு இட்டார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று. சவர்க்காரத் தொழிலில் பெருஞ்செல்வரான ஜேம்ஸ் கேம்பிள் என்பாரை, பள்ளியின் அறங்காவலராக இருக்குமாறு அம்மையார் வேண்டினார். அவர் நேரில் வந்து பார்த்தார். கண்டது ஏழைக் குடிலும் பெட்டி மேசைகளுமே. அறங்காவலராக இருக்கச் சொன்ன பள்ளி எங்கே என்று வினவினார். அது தம் எண்ணத்திலும் உயிரிலும் இருக்கிறது என்று அம்மையார் விடையிறுத்தார். கேம்பிள் அறங்காவலர் பொறுப்பை ஏற்றார்.

இதிலிருந்து நாம் கற்பது யாது? வானத்திலிருந்து பணம் விழும் என்று அவர் காத்திருக்கவில்லை. காலையில் வழிபட்டார், பகலில் கற்பித்தார், மாலையில் அப்பம் சுட்டு விற்றார். வழிபாடு அவருக்கு வேலைக்கு மாற்றாக இல்லை. வேலைக்கு வலிமையாக இருந்தது. கைகள் உழைக்காத நம்பிக்கையை அவர் அறியமாட்டார். அதுபோலவே, உள்ளத்தில் பள்ளி இல்லாமல் வெறும் அப்பம் மட்டும் விற்றிருந்தால் அவர் வணிகராகியிருப்பார்; பள்ளி எழுந்திராது.

அச்சத்தின் இரவு

மாணவி ஒருத்திக்குக் கடும் வயிற்றுநோய் கண்டபோது, வெள்ளையருக்கான மருத்துவமனை அவளைப் பின்புறத் தாழ்வாரத்தில் கிடத்தியது. அதைக் கண்ட அம்மையார் 1911இல் தம் பள்ளியின் அருகே தம் மக்களுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அடைக்கப்பட்ட கதவின் முன் அழுவதைவிட, அதன் எதிரே மற்றொரு கதவைத் திறப்பது அவர் வழக்கம்.

1920இல் அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். அம்மையார் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யச் செய்தார். வாக்குரிமைக்கெனக் கட்டவேண்டியிருந்த வரிக்குப் பணம் திரட்டினார். தேர்தலுக்கு முன்னிரவு, கு க்ளக்ஸ் க்ளான் என்னும் வெறியர் கூட்டம் வெள்ளை அங்கி அணிந்து பள்ளியை நோக்கி அணிவகுத்து வந்தது. உள்ளே இருந்தவர்கள் மாணவிகள். அம்மையார் ஓடவில்லை, மாணவிகளோடு நின்றார். அவர்கள் துதிப்பாடல் பாடினர். வந்த கூட்டம் எதுவும் செய்யாமல் கலைந்தது. மறுநாள் காலை தம் மக்களோடு சென்று அம்மையார் வாக்களித்தார். அவருக்கு அச்சமே இருந்ததில்லை என்று நாம் சொல்லவில்லை. அச்சம் வந்த இரவிலும் தாம் நிற்கவேண்டிய இடம் எது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அப்பள்ளி 1923இல் குக்மன் கல்வி நிலையத்தோடு இணைந்து வளர்ந்து, கல்லூரியாகி, 2007 முதல் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. கறுப்பினப் பெண்களின் தேசியப் பேரவையை 1935இல் அம்மையார் நிறுவினார். ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராயிருந்த காலத்தில், தேசிய இளைஞர் நிர்வாகத்தில் கறுப்பின மக்கள் பிரிவுக்குத் தலைமை ஏற்று, ஏழை மாணவர் பலருக்கு உதவித்தொகை கிடைக்கச் செய்தார்.

இன்னும் ஒன்று. 1952இல் ஆப்பிரிக்க நாடாகிய லைபீரியாவில் குடியரசுத் தலைவர் டப்மன் பதவியேற்ற விழாவுக்கு, அமெரிக்க அரசின் பிரதிநிதிகளுள் ஒருவராக அம்மையார் சென்றார். இருபது வயதில் இடமில்லை என்று தடுக்கப்பட்ட அந்த மண்ணில், எழுபத்தாறாம் வயதில் கால் வைத்தார். 1955 மே 18இல் மறைந்தார். மறைவதற்கு முன் தம் மக்களுக்கு அவர் எழுதி வைத்த உயிலில் நிலமும் பொன்னும் இல்லை. அன்பும், நம்பிக்கையும், கல்வித் தாகமும், இளைஞர்பால் பொறுப்பும் இருந்தன. 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற மாளிகையின் சிலைக்கூடத்தில் புளோரிடா மாநிலத்தின் சார்பில் அவர் சிலை நிறுவப்பட்டது. அதற்கு முன் அம்மாநிலத்தின் சார்பில் நின்ற சிலை, அடிமைமுறையைக் காக்க எழுந்த தென்பகுதிப் படையின் தளபதி ஒருவருடையது. தளபதி இறங்கினார், அடிமைகளின் மகள் ஏறினார்.

நம் மண்ணில்

இவ்வரலாறு கிறித்தவர்க்கு மட்டும் உரியது என்று யாரும் எண்ணவேண்டாம். சைவ நெறியில் நின்ற சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி கண்டார். கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டவரின் பெயரிலேயே கல்வியின் வாயில் திறந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவி, நம் முன்னோர்க்கு ஓர் அறநெறியும் வரலாறும் உண்டு என்று நிமிர்ந்து நின்று சொன்னார். அண்ணல் அம்பேத்கர் 1935 அக்டோபரில் இயோலாவில், தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்தார்; இருபத்தோராண்டு கற்று ஆராய்ந்தபின், 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அவருடைய நம்பிக்கை அறிவைத் துறந்த நம்பிக்கையன்று. அறிவால் உரைத்துப் பார்த்து எடுத்துக்கொண்ட பொன்.

இவர்கள் சென்ற நெறிகள் வேறு. நம் அரங்கிலும் கோயிலுக்குச் செல்வோர் உண்டு. தேவாலயத்துக்குச் செல்வோர் உண்டு. புத்தரைப் போற்றுவோர் உண்டு. மனிதனையே நம்புவோரும் உண்டு. எந்த நெறியாயினும் அதனை ஒரு கேள்வியால் சோதியுங்கள்: அது உன்னைக் குனியச் சொல்கிறதா, நிமிர்ந்து பிறரையும் தூக்கிவிடச் சொல்கிறதா? குனியச் சொல்வதை விடுக; நிமிரச் சொல்வதைப் பற்றுக.

இளைஞர்களுக்கு

முடிவாக, நம் இளைஞர்களிடமும் பெண் பிள்ளைகளிடமும் சில சொற்கள்.

உங்கள் இலட்சியத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால், இன்னொரு முறை எழுதுங்கள். பிறரும் அதனுள் இருக்கும் இலட்சியமே துன்பக் காலத்தில் நம்மைத் தாங்கும். தனக்காக மட்டும் கண்ட கனவு முதல் அடியிலேயே சோர்ந்துவிடும்.

அந்த இலட்சியத்துக்காக இன்று செய்யக்கூடிய சிறு வேலை எது என்று கேளுங்கள். இன்றைய வேலை இல்லாத இலட்சியம் பகற்கனவு. ஒரு மணி நேரப் படிப்பு, தம்பி தங்கைக்கு ஒரு பாடம், கழகத்தின் மாலை வகுப்புக்கு ஒரு நாள் தொண்டு ஆகியவையே உங்களுடைய ஐந்து டாலர்.

கதவு அடைபடும் நாள் வரும். அந்நாளில் அதைத் தலையெழுத்து என்று சொல்லாதீர்கள். அடைத்தவர் யார் என்று அறிந்து, அதை எதிர்த்துக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே உங்கள் வேலையையும் தொடருங்கள்.

பெற்றோர்களே! பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளையை மறுநாளே வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். வயதுக்கு வந்த மகளின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். எங்கோ ஒரு தையற்காரப் பெண்மணி, முகம் காணாத சிறுமியின் மீது நம்பிக்கை வைத்தார். நம் வீட்டில் நம் கண்ணெதிரே வளரும் பிள்ளையின் மீது நாம் வைக்கக்கூடாதா?

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் சிலர் உள்ளத்தில் மட்டுமே இருந்தது. இன்று நம் கண்முன் நிற்கிறது. இனி வரும் இருபத்தைந்து ஆண்டுகளின் கழகம் இப்போது எங்கே இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வோர் இளைஞரும் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டட்டும். அதுவே இந்த வெள்ளி விழாவின் பயன்.